முழங்காலுக்கு ஒரு காஷன் ஆர்டர்

நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் முன்பெல்லாம் ஜமக்காளம் விரித்துத்தான் உட்காருவோம். இப்போது வரும்போதே நாற்காலி எங்கே என்று கேட்கிறோம். "ஆபரேஷன் செய்துகொள்ளலாமா, வேண்டாமா?" என்ற பேச்சு பந்தி முடியும் வரை ஓய்வதில்லை. நான் டாக்டர் அல்ல. ரயில் பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து வருடம் ஜல்லி மேல் நடந்தவன். என் முழங்கால் கதையை எழுதும்படி அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

2019ல் வலது முழங்காலில் வலி ஆரம்பித்தது. செகந்திராபாத் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள் "மோகாள்ள நொப்புலா?" என்று விசாரித்து ஒரு தைலம் கொடுத்தார். தைலம் நல்ல மணமாக இருந்தது, அவ்வளவுதான். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு இடைவெளி குறைந்துவிட்டது, இரண்டு மூட்டையும் சேர்த்தே மாற்றிவிடலாம், அடுத்த வாரமே தேதி இருக்கிறது என்றார்கள். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. இடது காலில் எனக்கு வலியே கிடையாது!

பயந்து வீடு திரும்பினேன். அதற்குப் பிறகு நான் செய்தது பெரிய முட்டாள்தனம். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி எட்டு மாதம் தினமும் விழுங்கினேன், வீட்டில் சொல்லாமல். நான் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவன். வலி மாத்திரையை இப்படி நாள்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண்ணோடு போகாது, சிறுநீரகமும் கெடும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. அலமாரியில் ஒளித்து வைத்திருந்த காலி அட்டைகளை என் மனைவி கண்டுபிடித்த அன்று நடந்ததை இங்கே எழுத வேண்டாம். மாத்திரையை நிறுத்திய பிறகு, நல்லவேளையாக, கிரியேட்டினின் இறங்கியது.

லாலாகூடா ரயில்வே மருத்துவமனையில் பிஸியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அங்கிள், எனக்கு மூன்று மாதம் கொடுங்கள். சரியாகவில்லை என்றால் ஆபரேஷன் எங்கேயும் ஓடிப்போகாது" என்றாள்.

எங்கள் இலாகாவில் காஷன் ஆர்டர் என்று ஒன்று உண்டு. பாதை பலவீனமாக இருக்கும் இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லும் உத்தரவு. அதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டோம். ஜல்லியைக் கெட்டிப்போம், தளர்ந்த போல்ட்டை முடுக்குவோம். தண்டவாளத்தை மாற்றுவது கடைசியில்தான். முழங்காலுக்கு ஜல்லி மாதிரி இருப்பது தொடையின் முன்பக்கத் தசை. அது மெலிந்தால் அதிர்ச்சியெல்லாம் மூட்டில் போய் இறங்குகிறது.

அந்தப் பெண் சொல்லிக் கொடுத்த பயிற்சிகள் மிகவும் எளிது. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்திப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பத்துத் தடவை. மல்லாந்து படுத்து, வலிக்கும் காலை மடக்காமல் ஒரு அடி உயரம் தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் என்னால் நாலு தடவைக்கு மேல் எழ முடியவில்லை. செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். அதுவரை தப்பாகவே பிடித்திருந்தேன்.

அடுத்தது எடை. பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவி வைத்து அளந்து, 2010ல் வெளியிட்டார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. மேம்பாலம் ஏன் என்னை அழவைத்தது என்று அப்போதுதான் புரிந்தது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று 2005ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. நான் 81 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன். 28 கிலோ! ஒரு அரிசி மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. இதற்காக இரவுச் சாதத்தையும், இரானி சாயோடு தின்னும் உஸ்மானியா பிஸ்கெட்டையும் தியாகம் செய்தேன். பிஸ்கெட்தான் கஷ்டமாக இருந்தது.

என் ஒருவன் அனுபவம் எல்லோருக்கும் பொருந்தாது. டென்மார்க்கில் மூட்டு மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதியான நூறு பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்து 2015ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு ஆபரேஷனும் பிறகு பயிற்சியும். மறு பாதிக்குப் பன்னிரண்டு வாரம் பயிற்சி, உணவு ஆலோசனை, தேவையானால் மாத்திரை மட்டும். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது, உண்மை. பெரிய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். மறு பாதியில் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 50 பேரில் 13 பேர்தான். இதைப் படித்த பிறகுதான் என் பயம் விலகியது. குளுக்கோசமைன் மாத்திரை பற்றியும் பலர் கேட்கிறார்கள். 2006ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் மொத்தத்தில் அது வெறும் மாவு மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. நானும் ஆறு டப்பா வாங்கியவன்தான்.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோதே 2000ல் ஒரு முழங்காலையும் 2001ல் மற்றதையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை வைத்தது. சாதாரண வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய். என் மனைவியின் அக்காவுக்குக் கால் வில்லாக வளைந்து, குளியலறைக்குப் போகவே பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. எல்லாப் பயிற்சியும் செய்து பார்த்துவிட்டு 2021ல் மாற்றிக்கொண்டார். இன்று பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலுக்குத் தனியாகப் போய்வருகிறார். தரையில் உட்கார்ந்து கோலம் போட முடிவதில்லை என்பது மட்டும் அவருக்குக் குறை.

வலி இரவில் தூங்கவிடாவிட்டால், கால் திடீரென்று மடங்கினால், மூட்டு பூட்டிக்கொண்டால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். மூன்று மாதமெல்லாம் காத்திருக்கக் கூடாது.

சென்ற வருடம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தேன். 2019ஐவிட இடைவெளி இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். "வலி எப்படி?" என்றார். மழைக்காலக் காலையில் கொஞ்சம் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்றேன். துண்டுப் பயிற்சியை விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.