குரல் கம்மினால் நெஞ்சையும் பாருங்கள்

குரல் கம்மி மூன்று வாரமாகிறது. சளியோ தொண்டை வலியோ இல்லை. காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கருவியை விட்டுப் பார்க்கிறார். வலது குரல்நாண் அசைகிறது; இடது குரல்நாண் அசையவே இல்லை. தொண்டையில் கட்டியும் இல்லை. இப்படிப்பட்ட சிலருக்குக் கோளாறு நெஞ்சுக்குள் இருக்கிறது.

இடது குரல்நாணை இயக்கும் நரம்பு நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறுகிறது. அந்த வளைவு வீங்கினால் நரம்பு நசுங்கும், குரல் போகும். இதயக் கோளாறால் குரல் கம்முவதை வியன்னா மருத்துவர் நோர்பர்ட் ஓர்ட்னர் 1897-ல் விவரித்தார். அவர் கண்டது இதய வால்வு சுருங்கிய நோயாளிகளிடம். இன்று மகாதமனி வீக்கத்தால் குரல் கம்முவதையும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

அக்கம்பக்கத்தை நெருக்கும் வீக்கம்

நெஞ்சுப் பகுதி மகாதமனி வீக்கம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. வெடிப்பதும் உட்சுவர் கிழிவதும்தான் பரவலாக அறியப்பட்ட ஆபத்துகள். அரிதாக, அது பக்கத்து உறுப்புகளை நெருக்கும். உணவுக்குழாய் அழுந்தினால் சோறு விழுங்கச் சிரமம். மூச்சுக்குழாய் அழுந்தினால் ஆஸ்துமா மருந்துக்கு அடங்காத இளைப்பு. மேற்பெருஞ்சிரை அழுந்தினால் முகமும் கழுத்தும் வீங்கும். முதுகெலும்பையே அரித்துவிடுவதும் உண்டு.

சிறு ரத்தம், பெரிய எச்சரிக்கை

மிகக் கொடியது, தமனிக்கும் மூச்சுக்குழாய்க்கும், அல்லது தமனிக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுவது. முதலில் இருமலிலோ வாந்தியிலோ கொஞ்சம் ரத்தம் வரும், தானாக நின்றும்விடும். சில மணி நேரமோ, சில நாட்களோ கழித்து உயிரைப் பறிக்கும் பெருக்கு வரலாம். இருமலில் ரத்தம் என்றால் நம் ஊரில் காசநோயைத்தான் முதலில் சந்தேகிக்கிறோம், அது சரியே. சளிப் பரிசோதனையில் எதுவும் இல்லையென்றால் அதோடு விட்டுவிடக் கூடாது. மகாதமனியில் ஏற்கெனவே செயற்கைக் குழாயோ ஸ்டென்ட்டோ வைத்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இந்தத் துளை விழலாம். துளி ரத்தம் என்றாலும் அவர்கள் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சி.டி. ஆஞ்சியோகிராம் வீக்கத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். மேலேறும் மகாதமனி 5.5 செ.மீ. அளவை எட்டினால் பொதுவாக அறுவை சிகிச்சை. மார்ஃபான் போன்ற பரம்பரைக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே. தொந்தரவு தொடங்கிவிட்டால் அளவுக்காகக் காத்திருப்பதில்லை.

ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வையுங்கள், புகையை விடுங்கள். குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தால் தொண்டை மருத்துவரிடம் போங்கள். குரல்நாண் அசையவில்லை என்று அவர் சொன்னால், நெஞ்சு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள்.