நுரையீரலில் மங்கல்: வைரஸா, இதயமா?

மூச்சுத்திணறலோடு வந்த முதியவரின் சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'இரு நுரையீரல்களிலும் மங்கல்' என்று இருந்தால், வீட்டார் உடனே நிமோனியா என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொரோனா காலத்தில் 25-க்கு எத்தனை என்று மதிப்பெண் கேட்டுப் பழகிவிட்டோம். அந்த மதிப்பெண் நுரையீரலில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டது என்பதை அளந்ததே தவிர, பாதிப்பின் காரணத்தைச் சொல்லவில்லை. காற்றறைகளில் வைரஸால் அழற்சி நீர் சேர்ந்தாலும், தளர்ந்த இதயத்தால் நீர் தேங்கினாலும், ஸ்கேனில் தேய்த்த கண்ணாடி போன்ற அதே மங்கல்தான் தெரியும்.

சிகிச்சையோ வேறு வேறு. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளிடம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இறப்பைக் குறைத்ததை 2020-ல் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு காட்டியது. இதயச் செயலிழப்பில் முதல் தேவை தேங்கிய நீரை வெளியேற்றும் மருந்து. அதையே காய்ச்சலில் நீர்ச்சத்து வற்றியவருக்குக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீரகம் தவிக்கும்.

மங்கல் எங்கே, கூட என்ன?

அதனால் மங்கலின் இடத்தையும், அதோடு சேர்ந்து தெரிபவற்றையும் பார்த்தே காரணத்தைத் தேட வேண்டும் என்பது என் வாதம். கொரோனா நிமோனியாவில் மங்கல் பெரும்பாலும் நுரையீரலின் வெளி ஓரத்திலும், பின்புறத்திலும், கீழ் மடல்களிலும் திட்டுத்திட்டாக இருக்கும். சில திட்டுகள் உருண்டையாகவும் தெரியும். இதயச் செயலிழப்பில் ரத்தக்குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் நடுப்பகுதியைச் சுற்றி மங்கல் பரவும். நுரையீரலின் நுண்மடல்களைப் பிரிக்கும் சுவர்கள் நீரால் தடித்து, ஓரத்தில் சிறு கோடுகளாகத் தெரியும். சாதாரண எக்ஸ்ரேயிலும் காணக்கூடிய இவற்றை அயர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் கெர்லி 1933-ல் விவரித்தார். இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகின்றன. இதயம் பெரிதாகியிருப்பது, நுரையீரல் சிரைகள் புடைத்திருப்பது, இருபுறமும் நுரையீரல் உறைக்குள் நீர் கோத்திருப்பது ஆகியவையும் சேர்ந்தால் சந்தேகம் இதயத்தின் பக்கம் சாயும். கொரோனா நிமோனியாவில், குறிப்பாகத் தொடக்கத்தில், உறையில் நீர் கோப்பது குறைவு. காலமும் ஒரு சாட்சி: நீர் வெளியேறியதும் இதயத்தால் வந்த மங்கல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளிகிறது, நிமோனியாவின் தடம் வாரக்கணக்கில் நிற்கும்.

ரத்தப் பரிசோதனை போதாதா?

என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனை இருக்க ஸ்கேன் எதற்கு என்று கேட்பதில் நியாயம் உண்டு. அதன் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால், திடீர் இதயச் செயலிழப்பு பெரும்பாலும் இல்லை எனலாம். ஆனால் அளவு கூடியிருந்தால் பதில் அத்தனை தெளிவாகக் கிடைப்பதில்லை. முதுமையிலும், சிறுநீரகக் கோளாறிலும், கடுமையான தொற்றிலும்கூட அது ஏறும். அதனால் இதயத்தின் இயக்கத்தைக் காட்டும் எக்கோ பரிசோதனையும் தேவைப்படலாம். கதிர்வீச்சுக்கு அஞ்சுவோரையும் அலட்சியம் செய்யக் கூடாது: ஒரு மார்பு சி.டி.யின் கதிர்வீச்சு பல எக்ஸ்ரேக்களுக்குச் சமம். எக்ஸ்ரேயும் நுரையீரல் அல்ட்ராசவுண்டும் விடை தந்தால் சி.டி. வேண்டியதில்லை.

இரண்டு நோயும் ஒருவருக்கே இருந்தால் என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. அது அரிதல்ல. இன்புளூயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு ஏற்படுவது சுமார் 6 மடங்கு கூடியதாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு 2018-ல் காட்டியது. இதயம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு வைரஸ் தொற்று அதை மேலும் தளர்த்தலாம். அப்போது ஸ்கேன் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளாது. இரண்டின் அடையாளங்களையும் கலந்தே காட்டும். படத்தைப் படிப்பவருக்கு நோயாளியின் வரலாறு தெரிந்தாக வேண்டும். காய்ச்சல் என்று தொடங்கியது, படுத்தால் மூச்சு முட்டுகிறதா, கால் வீங்கியதா, சில நாட்களில் எடை ஏறியதா, நீர் மாத்திரை நின்றுபோனதா என்பதையெல்லாம் ஸ்கேன் எழுதித் தரும் மருத்துவரிடம் வீட்டார் சொல்லிவிட வேண்டும். பழைய எக்ஸ்ரேயும் எக்கோ அறிக்கையும் இருந்தால் அவற்றையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.