எஞ்சின் இறுகுதல்

எண்ணெய்க் குறைவாலோ மிகை வெப்பத்தாலோ உள்பாகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எஞ்சின் சுழலாமல் நின்றுவிடுவது எஞ்சின் இறுகுதல் எனப்படும். பட்டறைகளில் இதனை 'எஞ்சின் சீஸ்' என்பர்.

காரணம்

கிராங்க் ஷாஃப்டையும் பேரிங்கையும் மெல்லிய எண்ணெய்ப் படலமே பிரித்து வைக்கிறது. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசிப் பற்றிக்கொள்ளும். ரேடியேட்டர் நீர் வற்றினால், வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட அலுமினியப் பிஸ்டன் அதிகம் விரிந்து இறுகும்.

செய்ய வேண்டியவை

சுமையேற்றிய பிக்கப் வண்டி ஓடும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், 'பட்டறை வரை போய்விடலாம்' என்று எண்ணக்கூடாது. உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். பேரிங் மாற்றுவதோடு முடியக்கூடிய செலவு, சில நிமிட ஓட்டத்தில் முழு எஞ்சினையே மாற்றும் செலவாகிவிடலாம். இறுகிய எஞ்சினைத் தள்ளிக் கிளப்ப முயலக்கூடாது. சூடு தணியும்முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.

பிளாக் உடைந்திருந்தால் பெரும்பாலும் மாற்று எஞ்சினே தேவைப்படும். இந்தியாவில் அதன் எண்ணை வண்டியின் பதிவுச் சான்றிதழில் பதிய வேண்டும்.