இப்னுல் ஹைதமின் பெயர் மட்டும் போதுமா?

முஸ்லிம் விஞ்ஞானிகளைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் இப்னுல் ஹைதமைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. 965இல் பஸ்றாவில் பிறந்து, ஒளியைப் பற்றி ‘கிதாபுல் மனாழிர்’ எழுதியவர் அவர். அவருக்கும் முன்பே, 984 அளவில் பக்தாதில், இப்னு ஸஹ்ல் ஒளிமுறிவு விதியைக் கண்டிருந்தார். ஐரோப்பாவில் ஸ்னெல் அதே விதிக்கு வந்தது 1621இல். இந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அவர்கள் தொடங்கிய வேலை இன்று எங்கே நிற்கிறது என்று என் உயர்தர பௌதிகவியல் மாணவர்களிடம் கேட்டால் பதில் வருவதில்லை. அதை இங்கே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

புத்தளம் களப்பில் நட்டிருக்கும் கம்பு, நீர்மட்டத்தில் முறிந்ததுபோல் தெரியும். நீரின் முறிவுச்சுட்டி 1.33 என்பதே காரணம். இந்தச் சுட்டி மறை எண்ணாக இருந்தால் என்னவாகும் என்று 1967இல் சோவியத் விஞ்ஞானி வெசெலாகோ கேட்டார். அப்படியொரு நீர் இருந்தால், உள்ளே நீந்தும் மீன் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்!

இயற்கையில் அப்படிப் பொருள் கிடைப்பதில்லை. செய்துதான் ஆக வேண்டும். 2000இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜோன் பென்றி, மெல்லிய வெள்ளித் தகடு எந்த வில்லையாலும் காட்ட முடியாத நுண்மையைக் காட்டலாம் என்று கணித்தார். மறுவருடம் கலிபோர்னியாவில் செம்பு வளையங்களையும் கம்பிகளையும் அடுக்கி, நுணுக்கலைகளை மறுபக்கமாக முறியச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 400 முதல் 700 நனோமீற்றர் வரைதான். அதற்கேற்ற வளையங்கள் அதைவிடவும் சிறியவையாக இருக்க வேண்டும். இவற்றையே மீப்பொருள்கள் என்கிறோம். இங்கே ஒளியின் போக்கைத் தீர்மானிப்பதில் உலோகத்தைப் போலவே அதில் செதுக்கிய வடிவத்துக்கும் பங்குண்டு.

இவ்வளவு நுண்ணிய வடிவத்தைச் செதுக்குவது பெரும் செலவு. ஆகவே முதலில் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அதற்கு 1966இல் கேன் யீ காட்டிய வழியைப் புரிந்துகொள்ள நம் பாலாவி உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளி முழுவதையும் பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாத்தியிலும் மின்புலமும் காந்தப்புலமும் எவ்வளவு என்பதைப் பக்கத்துப் பாத்திகளைப் பார்த்து, ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஒளி பாத்திக்குப் பாத்தி நகரும்.

உலோகம் வந்தால்தான் சிக்கல். தங்கம், வெள்ளியில் உள்ள இலத்திரன்கள் ஒளியோடு சேர்ந்து ஆடுகின்றன. ஒளியின் சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக விழுங்கியும் விடுகின்றன. ஒளி உலோகத்துக்குள் சில பத்து நனோமீற்றருக்குள் அடங்கிவிடுவதால், பாத்தி மிகச் சிறியதாக இருக்க வேண்டும். 1,000 நனோமீற்றர் பக்கமுள்ள கனசதுரத்தை 2 நனோமீற்றர் பாத்திகளாகப் பிரித்தால் 12.5 கோடி பாத்திகள். பாத்தியின் பக்கத்தைப் பாதியாக்கினால் வேலை 16 மடங்காகும். பாத்தியைப் பெரிதாக்கிச் சுருக்கு வழி பார்த்தால், கணினி தவறான விடையைத் தயக்கமின்றித் தரும். கணிதம் தெரிந்தவரே அதைப் பிடிப்பார்.

ஆனால் இதையே இரு பரிமாணத்தில் செய்தால் 2.5 இலட்சம் பாத்திகள்தான். சாதாரண மடிக்கணினி போதும். எம்.ஐ.டி.யில் உருவான ‘மீப்’ என்ற மென்பொருள் இலவசம். அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் மாலின் பிரேமரத்ன போன்றோர் இத்துறையில்தான் பெயர் பெற்றிருக்கிறார்கள்.

எனவே இத்துறைக்குள் நுழைய முதலில் தேவைப்படுவது கோடிக்கணக்கில் செலவாகும் ஆய்வுகூடம் அல்ல, இணைந்த கணிதம். கற்பிட்டி முதல் புத்தளம் வரை நம் பிள்ளைகள் பலர், ஆசிரியர் இல்லை என்பதற்காகவே அந்தப் பாடத்தைக் கைவிடுகிறார்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கட்டடங்களுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கை ஒரு கணித ஆசிரியரின் சம்பளத்துக்கு ஒதுக்கினால் என்ன? இப்னுல் ஹைதமுக்கு அதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் இருக்க முடியாது.