பில்லில் உள்ள கூலி யாருக்கு?

பழுதுபார்க்கக் கொடுத்த காரைத் திரும்பப் பெறும்போது, பில்லைக் கண்டு மலைக்காத குடும்பத் தலைவர் இன்று அரிது. கார் என்பது செல்வர் வீட்டுப் பொருள் என்ற காலம் மலையேறிவிட்டது. செஞ்சியை அடுத்த அனந்தபுரம் போன்ற ஊர்களில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்போரும், சிறுகச் சேர்த்துப் பழைய கார் வாங்கியோரும் இச்சுமையை நன்கறிவர். "மெக்கானிக்குக் கூலி இவ்வளவா?" என்று முணுமுணுக்கிறோம். அப்பணம் உண்மையில் அவர் கைக்குத்தான் போகிறதா?

கார் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பணிமனையில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே வரையறுத்துக் கட்டணம் கணக்கிடுகின்றனர். அதில் இட வாடகையும், கருவிகளின் விலையும், முதலாளியின் இலாபமும் அடக்கம். அதற்கு மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி. மெக்கானிக்குக் கிடைப்பதோ மாதச் சம்பளம். பல இடங்களில் சிறிது ஊக்கத்தொகை. பில் தொகையைப் பொறுத்து ஊக்கத்தொகை அமையுமானால், தேவையற்ற வேலையையும் பில்லில் சேர்க்கத் தூண்டுதல் எழுவது இயல்பே.

செலவு உயர்ந்ததற்கு வேறு காரணமும் உண்டு. 1983-இல் மாருதி 800 வெளிவந்தபோது கார்புரேட்டரைத் திருகுளி கொண்டு, காதால் ஒலி கேட்டே சரிசெய்தனர். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்று சென்சார்களும் கணினியும் எஞ்சினை ஆள்கின்றன. ஸ்கேனர் கருவியின்றிக் கோளாற்றைக் கண்டறிவது கடினம்.

அக்கருவியும் அசல் உதிரிபாகங்களும் மரத்தடி மெக்கானிக்குக் கிடைக்காவிட்டால், மக்களுக்கு வேறு வழியேது? இதனை ஆராய்ந்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதனை எதிர்த்து வழக்காடின. பழுதுநீக்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளத்தையும் தொடங்கியது.

அமெரிக்காவிலும் இதே குறை உண்டு. அங்கே பல விற்பனை நிலையங்களில், உழைத்த நேரத்திற்கன்றி, முடித்த வேலைக்கு வரையறுத்த நேரத்திற்கே கூலி. வேலை வராத நாளில் வருவாய் குன்றும். அவசர வேலையும் பெருகும்.

உழைப்பவனுக்குக் குடும்பம் காக்கப் போதிய ஊதியம் வேண்டும் என்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே வலியுறுத்தினார். ஐ.டி.ஐ.யில் ஈராண்டு பயின்று வரும் இளைஞனுக்கு அவ்வூதியம் கிட்டாவிடில், அவன் வேறு தொழில் நாடுவான். தேர்ந்த கை குறையக் குறைய நம் செலவே கூடும்.

ஆதலின் வேலைக்கு முன்பே மதிப்பீட்டை எழுத்தில் கேட்போம். எது உடனே தேவை, எது பொறுக்கும் என வினவுவோம். மாற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்வோம். நேர்மையாய் உழைக்கும் உள்ளூர் மெக்கானிக்கிடம் பேரம் பேசி அவர் கூலியைக் குறைக்காதிருப்போம். கணக்கு கேட்க வேண்டியது பில் போடுபவரிடம். கிரீஸ் படிந்த கைகளிடம் அன்று.