நிலைப்பு நீர் வெளியேற்ற விதிகளில் 'உயிருள்ளது' என்னும் சொல்

சரக்கை இறக்கிய கப்பல் வெறுமையாகத் திரும்பும்போது நிலைகுலையாதிருக்கத் துறைமுக நீரைத் தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. மாலுமிகள் பாலாஸ்ட் என வழங்கும் இந்நிலைப்பு நீர், அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகையில் வெளியேற்றப்படுகிறது. நீரோடு உயிரினங்களும் இடம்பெயர்கின்றன. வட அமெரிக்கப் பேரேரிகளில் 1988-இல் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி இவ்வாறு வந்து குடிநீர்க் குழாய்களை அடைத்தது.

இதனைத் தடுக்கப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2004-இல் ஏற்ற உடன்படிக்கை, 2017 செப்டம்பர் 8-இல் நடைமுறைக்கு வந்தது. ஆழ்கடலில் நீரை மாற்றிக்கொள்வது முதற்கட்ட வழி. 2024 செப்டம்பர் 8-க்குள் கப்பல்கள் டி-2 என்னும் கடுமையான தரத்திற்கு மாறவேண்டியிருந்தது. அதன்படி, 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள உயிர்த்திறனுடைய உயிரிகள் ஒரு கனமீட்டர் நீரில் 10-க்குக் குறைவாக இருத்தல் வேண்டும். 10 முதல் 50 மைக்ரோமீட்டருக்குள் அடங்குபவை ஒரு மில்லிலிட்டரில் 10-க்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வாந்திபேதி நுண்ணுயிரி முதலியவற்றுக்குத் தனி வரம்புகள் உண்டு.

இவ்வரம்பில் எதனை எண்ணுவது என்பதே சிக்கல். சுத்திகரிப்புக் கருவிகள் பெரும்பாலும் நீரை வடிகட்டிய பின் குளோரினாலோ புறவூதாக் கதிராலோ தாக்குகின்றன. கதிர் மரபணுப் பொருளைச் சிதைக்கிறது. உயிரி உடனே மடியாமல் சில நாள் இயங்கலாம், ஆயினும் இனம்பெருக்காது. சாயமேற்றும் சோதனை அதனை உயிருள்ளதாகக் காட்டும்; வளர்ப்புச் சோதனையோ காட்டாது. ஒரே நீர் ஒரு சோதனையில் தேறி மற்றொன்றில் தவறும்.

அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் 2012 விதி 'உயிருள்ள' என்னும் சொல்லையே ஆண்டது. புறவூதாக் கருவிகளுக்கான வளர்ப்புச் சோதனையை அப்படை 2015-இல் ஏற்க மறுத்தது. அக்கருவிகளைச் செய்வோருக்கு இது பேரிடி. பன்னாட்டு அமைப்பின் முந்தைய வழிகாட்டுதலும் 'உயிர்த்திறனுடைய' என்பதற்கு 'உயிருள்ள' என்றே பொருள் கூறியிருந்தது. 2018-ஆம் ஆண்டு விதித்தொகுப்போ, புதிய உயிர்களைத் தோற்றுவிக்கும் ஆற்றலே உயிர்த்திறன் என வரையறுக்கிறது. அதே ஆண்டின் அமெரிக்கச் சட்டமும், உயிர்த்திறன் இழந்த உயிரியை உயிருள்ளதாகக் கொள்ளவேண்டியதில்லை என்றது.

தமிழில் இவ்விதிகளை எழுதுவோர் 'உயிருள்ள' என்று பொதுப்பட மொழிபெயர்த்தால், பழைய பொருளே மீண்டும் நுழைந்துவிடும். 'உயிர்த்திறனுடைய' என்பதும் சற்று மங்கலானதே. ஆதலின் 'இனம்பெருக்க வல்ல' என்பதே பொருந்தும் எனக் கருதலாம். நீளமெனினும் அச்சொல் ஆய்வகத்தில் எந்தச் சோதனையைச் செய்வது என்பதையும் உடன் உணர்த்திவிடுகிறது.