மின்சாரத்தை மிரட்டும் மயிரிழை

துணை மின் நிலையம் என்றதும், கம்பி வேலிக்குள் உயர்ந்து நிற்கும் இரும்புக் கோபுரங்களும் அடுக்கடுக்கான பீங்கான்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அங்கே மின்கடத்திகளுக்கு இடையே காப்பாக இருப்பது வெறும் காற்றே. ஆதலால் இடம் ஏராளமாய் வேண்டும். நெருக்கமான நகரங்களில் அதற்கு எங்கே போவது?

விடையாக வந்தது சல்பர் ஹெக்சாபுளோரைடு என்னும் வாயு. 1900-ஆம் ஆண்டு பிரெஞ்சு அறிஞர்கள் முவாசானும் லெபோவும் இதனை உருவாக்கினர். நிறமற்றது, மணமற்றது, காற்றைப்போல் ஐந்து மடங்கு கனமானது. அலைந்து திரியும் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இயல்பினால், காற்றைவிட ஏறத்தாழ 2½ மடங்கு மின்காப்புத் திறன் உடையது. அலுமினியக் குழாயின் நடுவே கடத்தியை வைத்து இவ்வாயுவை அழுத்தி அடைத்தால், பெருந்திடலில் பரந்து நின்ற நிலையம் ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிடும்!

இத்தகைய வீரனுக்கும் ஒரு பகைவன் உண்டு. போல்ட்டை முடுக்கும்போதோ, இணைப்புகள் உராயும்போதோ உதிர்ந்த, சில மில்லிமீட்டர் நீளமுள்ள உலோக இழைதான் அது. தலை வாரிய சீப்பை நோக்கிக் காகிதத் துணுக்குகள் துள்ளுவதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா? குழாயின் அடியில் கிடக்கும் இழையும் அவ்வாறே மின்னூட்டம் பெறுகிறது. மின்விசை அதன் எடையை விஞ்சியதும் எழுந்து நிற்கிறது. பின்னர் குதிக்கத் தொடங்குகிறது. மின்னழுத்தம் கூடக்கூட உயரமாய்க் குதிக்கும். அதன் கூர்முனையில் மின்புலம் குவிவதால் அவ்விடத்தில் வாயு தாங்காமல் சிறு மின்கசிவு உண்டாகும். இழை நடுக்கடத்தியை நெருங்கிவிட்டாலோ, பெரும்பொறி பாய்ந்து ஊரே இருளில் மூழ்கக்கூடும். வாயுவின் அழுத்தத்தைக் கூட்டினாலும் துகள் இருக்கும்வரை அதிகப் பயனில்லை.

குதிக்கும் இழையைவிட ஒட்டிக்கொண்ட இழை பொல்லாதது. கடத்தியைத் தாங்கும் எபாக்சித் தட்டின்மேல் அது பல நாள் சாதுவாய்க் கிடக்கும். எங்கோ இடி விழுந்து, கம்பி வழியே திடீர் மின்னழுத்தம் வரும்போதுதான் தன் வேலையைக் காட்டும்.

ஆகவே இக்குழாய்களைப் பொருத்துவோர், அறுவைச் சிகிச்சை அறையில் இருப்பதுபோல் தூய்மை காக்கின்றனர். குழாயின் அடியில் மின்புலம் எட்டாத பள்ளங்களும் அமைப்பதுண்டு. மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாய் ஏற்றினால் துகள்கள் துள்ளிச் சென்று அவற்றுள் விழுந்து அடங்கிவிடும், எலிப்பொறி போலத்தான்! எஞ்சிய துகள் எழுப்பும் மெல்லிய ஒலியையும் ரேடியோ அலைகளையும் வெளியிலிருந்தே கருவிகள் கண்டுகொள்கின்றன.

சந்தேகம் எழுந்ததும் குழாயைத் திறந்துவிடவும் இயலாது. இவ்வாயு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 20,000 மடங்குக்கும் மேல் வலியது. எனவே முதலில் அதைக் கலத்தில் சேகரிக்கிறார்கள். மின்பொறியால் வாயு சிதைந்து உண்டான நச்சுத்தூள் உள்ளே இருக்கலாமாதலால் முகமூடியும் கையுறையும் அணிகிறார்கள். அதன் பிறகே, விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மயிரிழையைத் தேடுகிறார்கள்.